கரண்ட் வந்து ஒரு நிமிடம் கழித்து: நேரத்துக்குக் கட்டுப்பட்ட மென்பொருளை எழுதும் முன்பே ஓட்டிப் பார்ப்பது

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஓர் ஆச்சி, மோட்டார் பேனல் கட்ட வந்தவரிடம் சொல்லும் வேலைக்குறிப்பு பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்: “தம்பி, கரண்ட் வந்து ஒரு நிமிசம் கழிச்சு மோட்டார் தானா ஓடணும். போர்ல தண்ணி இல்லேன்னா தானா நிக்கணும். அரை மணி கழிச்சு மறுபடி ஓடிப் பாக்கட்டும்.”

கேட்பவருக்கு இதில் சந்தேகமே வராது. ஆனால் ஆட்டோ ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சிப்புக்கு நிரல் எழுத உட்காரும்போது இந்த மூன்று வாக்கியமும் போதாது. ஒரு நிமிடம் என்றால் சரியாக 60 விநாடியா, குறைந்தது 60 விநாடியா, 60-க்குள்ளா? கரண்ட் 40 விநாடி இருந்து, ஒரு விநாடி போய், திரும்பி வந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்குமா, விட்ட இடத்திலிருந்து தொடருமா? மூன்று பேஸில் ஒன்று மட்டும் வந்தால் அது கரண்ட் வந்ததாகுமா? ஆழமான போரில் மோட்டார் நின்றதும் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக இல்லாவிட்டால், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே இறங்கும். அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் ஷாஃப்ட்டுக்கு ஆபத்து. ஒரு நிமிடம் கேட்பதற்கு ஒரு காரணம் இது. அப்படியானால் எண்ணவேண்டியது கரண்ட் வந்த நேரத்திலிருந்தா, மோட்டார் நின்ற நேரத்திலிருந்தா? இன்னொரு காரணம், கரண்ட் வந்த முதல் சில விநாடிகளில் வோல்டேஜ் நிலையாக இருக்காது. அதற்கு எண்ணவேண்டியது கரண்ட் வந்த நேரத்திலிருந்து.

இந்தக் கேள்விகளைப் பேனல் மாட்டிய பிறகு எழுப்பினால் ஒரு மோட்டார் ரீவைண்டிங் செலவு. நிரல் எழுதும் முன்பே எழுப்பினால் ஒரு பேச்சோடு முடியும். முன்பே எழுப்புவதற்குத்தான் ஓட்டிப் பார்க்கக்கூடிய முறைசார் விவரக்குறிப்பு. அது நிரல் அல்ல, ஆனாலும் ஓடும். சாதாரண ஆவணம் போல ‘என்ன நடக்க வேண்டும்’ என்று மட்டும் சொல்லும், ‘எப்படிச் செய்வது’ என்று சொல்லாது. ஆனால் கணிதப் பொருள் உடையதாக இருப்பதால் கணினி அதை எடுத்து ஒவ்வொரு கணமும் என்னென்ன நடக்கலாம் என்று நடத்திக் காட்டும்.

நிலையும் கடிகாரமும்

இதற்குப் பல மொழிகள் உண்டு. பமீலா ஸேவ் 1982-இல் விளக்கிய பெய்ஸ்லி, உட்பொதி அமைப்புகளின் (கருவிக்குள் புதைந்து அதை இயக்கும் கணினிகளின்) தேவைகளை ஓடும் வடிவில் எழுதுவதற்காகவே வந்தது. டேவிட் ஹாரெலின் ஸ்டேட்சார்ட் 1987. இன்று கையில் எடுக்க எளிதானது, ராஜீவ் ஆலூரும் டேவிட் டில்லும் 1990-இல் முன்வைத்து 1994-இல் விரித்து எழுதிய நேரத் தானியங்கி. அதைச் சோதிக்கும் உப்பால் என்ற கருவி, ஸ்வீடனின் உப்சாலா, டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சியில் 1995-இல் வெளிவந்தது. பெயரே இரண்டு ஊர்களின் ஒட்டுதான். கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம் என்பதால் பொறியியல் மாணவர்கள் பலரும் முதலில் தொடுவது இதைத்தான்.

சரக்கு எளிது. சில நிலைகள், நிலைகளுக்கு இடையே அம்புகள், கூடவே சில கடிகாரங்கள். எல்லாக் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடும். எந்த அம்பிலும் ஒரு கடிகாரத்தைச் சுழியாக்கலாம். நம் ஸ்டார்ட்டரின் முதல் பகுதி இப்படி வரும் (க, த இரண்டும் கடிகாரங்கள்; ‘:= 0’ என்றால் சுழியாக்குவது; ‘ஸ்டார்’ என்பது மோட்டார் ஓடத் தொடங்கும் முதல் நிலை):

ஓய்வு → காத்திருப்பு: மூன்று பேஸும் சரி; க := 0
காத்திருப்பு → ஓய்வு: ஏதாவது பேஸ் கெட்டது
காத்திருப்பு → ஸ்டார்: க ≥ 60; த := 0
காத்திருப்பில் தங்கும் வரை: க ≤ 65

மூன்றாவது வரி அனுமதி நிபந்தனை, நான்காவது தங்கல் நிபந்தனை. புதிதாக எழுதுபவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது. ‘க ≥ 60’ என்று அம்பில் எழுதினால் 60-க்குப் பிறகு போகலாம் என்றுதான் பொருள், போயே தீர வேண்டும் என்று அல்ல. நான்காவது வரி இல்லாவிட்டால் அடுத்த அமாவாசை வரை காத்திருப்பில் உட்கார்ந்திருந்தாலும் விவரக்குறிப்புப்படி அது சரி. ‘குறைந்தது’ அம்பில் எழுதப்படும். ‘அதிகபட்சம்’ நிலையில் எழுதப்படும். இந்த வேறுபாடு கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது வரியைப் பாருங்கள். கரண்ட் ஒரு கணம் போனாலும் ஓய்வுக்குத் திரும்பி, வந்ததும் க சுழியாகிறது. ‘தொடர்ந்து 60 விநாடி’ என்ற பொருளை நாம் தேர்ந்துவிட்டோம். ஆச்சி அதைச் சொல்லவில்லை. ஓட்டிக் காட்டி, 40 விநாடிக்கு ஒருமுறை கரண்ட் கண் சிமிட்டினால் நாள் முழுக்க மோட்டார் ஓடாது என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும்.

மூன்று மில்லிவிநாடி

பெரிய குதிரைத்திறன் மோட்டாரை நேராக லைனில் போட்டால் முழுச்சுமை கரண்டைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். அதனால் முதலில் ஸ்டார் இணைப்பில் ஓட்டுகிறோம். லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும். 6 முதல் 8 விநாடி கழித்து ஸ்டார் கான்டாக்டரை (காயிலால் இயங்கும் பெரிய சுவிட்ச்) விட்டு, மோட்டாரை முழு வோல்டேஜில் ஓட்டும் டெல்டா கான்டாக்டரைப் பிடிக்க வைக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்திருந்தால் மூன்று பேஸும் நேருக்கு நேர் ஷார்ட். ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

ஆகவே இடைவெளி வேண்டும். எவ்வளவு? அதிகமாக விட்டால் மோட்டார் வேகம் இறங்கி டெல்டாவில் பிடிக்கும்போது பெரிய கரண்ட் உதை வரும். குறைத்தால் ஷார்ட். 30 மில்லிவிநாடி என்று ஒருவர் வைத்துப் பார்க்கிறார். மேசையில் வைத்து ஆயிரம் முறை சோதிக்கிறார். ஒருமுறைகூடப் பிரச்சினை இல்லை.

இங்கேதான் விவரக்குறிப்பில் கான்டாக்டரையே தனித் தானியங்கியாக எழுத வேண்டும். கட்டுப்படுத்தி கொடுக்கும் கட்டளையும் கான்டாக்டர் உண்மையில் விடுவதும் ஒரே கணம் அல்ல. எடுத்துக்காட்டாக, கையில் இருக்கும் கான்டாக்டர் விட 10 முதல் 45 மில்லிவிநாடியும் பிடிக்க 12 முதல் 30 மில்லிவிநாடியும் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ‘ஸ்டாரும் டெல்டாவும் ஒருசேரப் பிடித்திருக்கும் நிலை எட்டக்கூடியதா?’ என்று கேட்டால் உப்பால் போன்ற சோதிப்பான் இந்த எதிர்ச்சான்றைக் கையில் கொடுக்கும்:

6.000 விநாடி: ஸ்டாருக்கு ‘விடு’ கட்டளை
6.030: டெல்டாவுக்கு ‘பிடி’ கட்டளை
6.042: டெல்டா பிடித்தது
6.045: ஸ்டார் விட்டது

மூன்று மில்லிவிநாடி இரண்டும் சேர்ந்திருக்கின்றன. மேசைச் சோதனையில் ஏன் தெரியவில்லை? புதுக் கான்டாக்டர் வழக்கமாக 20-இல் விட்டு, 25-இல் பிடிக்கும்; 6.020-க்கும் 6.055-க்கும் இடையே தாராளமான இடம். மிக மெதுவாக விடுவதும் மிக வேகமாகப் பிடிப்பதும் ஒரே தடவையில் சேர்ந்து வருவது அபூர்வம். சோதிப்பானுக்கு அபூர்வம் என்ற பேச்சே கிடையாது. நடக்கக்கூடியது என்றால் நடக்கும்.

எதிர்ச்சான்று கிடைத்ததும் விதி தானாகத் தெரிகிறது: இடைவெளி + குறைந்தபட்சப் பிடிப்பு > அதிகபட்ச விடுப்பு. அதாவது இடைவெளி 33-ஐத் தாண்ட வேண்டும். 50 வைத்தால் 17 மில்லிவிநாடி கையிருப்பு. மோட்டார் வேகம் அதிகம் இறங்கிவிடாமல் இருக்க மேல் எல்லை 100 என்று வைப்போம்.

பேனல் கட்டுபவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அவர்கள் ஸ்டார் கான்டாக்டரின் துணைத் தொடர்பு ஒன்றை டெல்டா காயிலோடு தொடராக இணைத்துவிடுவார்கள். ஸ்டார் விடாமல் டெல்டாவுக்குக் கரண்டே போகாது. இன்டர்லாக். அது நேரத்தை நம்பவில்லை, வரிசையை நம்புகிறது. அவர்கள் செய்வது சரி, மென்பொருள் இருந்தாலும் அதைக் கழற்றக் கூடாது.

நேரத்தால் வரும் பாதுகாப்புக்கும் வரிசையால் வரும் பாதுகாப்புக்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் பக்கத்து ரயில் பயணிகள் உட்கார்ந்தே பார்த்திருக்கிறார்கள். நேரத் தானியங்கி இலக்கியத்தின் பழைய எடுத்துக்காட்டே ரயில்வே கேட்தான்: ரயில் நெருங்கும் சமிக்ஞைக்கும் கேட்டுக்குள் நுழைவதற்கும் இடையே குறைந்தது 2 நிமிடம் இருக்கும், ஆகவே கேட் அதற்குள் மூடியாக வேண்டும் என்ற கணக்கு. திருவாரூர்–காரைக்குடி பாதை அகலப்பாதையான புதிதில் பல கேட்டுகளில் ஆள் இல்லாததால் நடமாடும் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன் ரயில் நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி மூடுவார். ரயில் தாண்டி நிற்கும். பின்பெட்டியில் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறுவார். இதில் கடிகாரமே இல்லை. எந்தக் கெடுவும் தவறாது, ஏனென்றால் கெடுவே கிடையாது. சுமார் 150 கி.மீ. தூரத்துக்கு 6 மணி நேரத்துக்கும் மேல் ஆனதுதான் விலை. வரிசையால் காக்க முடிகிற இடத்தில் வரிசையால் காப்பது நல்லது. அந்த விலை கட்டுப்படியாகாத இடத்தில்தான் நேரக்கணக்கை எடுக்க வேண்டும்.

விட்டு விட்டு இழுக்கும் போர்

‘தண்ணி இல்லேன்னா நிக்கணும்.’ மோட்டார் இழுக்கும் கரண்ட் குறைந்தால் தண்ணீர் இல்லை என்று பொருள் கொள்கிறோம். ஒரு கணம் குறைந்ததற்கெல்லாம் நிறுத்த முடியாது. எனவே விவரக்குறிப்பில் ‘கரண்ட் தொடர்ந்து 10 விநாடி குறைவாக இருந்தால் நிறுத்து, 30 நிமிடம் பூட்டு’ என்று எழுதுகிறோம். ஒரு கடிகாரம் வ: கரண்ட் குறைந்ததும் சுழியாகி ஓடத் தொடங்கும்; சரியானதும் பழைய நிலைக்கு. எழுதவும் எளிது, சோதித்தால் எல்லாம் பச்சை.

இதை ஓட்டி, போர் மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினால் அவர் ஒரு நிமிடத்தில் ஓட்டையைக் கண்டுபிடிப்பார். ஊற்று மெதுவாக வரும் போரில் மோட்டார் காற்றை விட்டு விட்டுத்தான் இழுக்கும்: 8 விநாடி வறட்சி, 1 விநாடி தண்ணீர், மறுபடி 8 விநாடி வறட்சி. 10 விநாடி தொடர்ந்து ஒருபோதும் வராது. ஒரு மணி நேரத்தில் 400 சுற்று. 3,200 விநாடி, அதாவது 53 நிமிடம் மோட்டார் வறண்டு ஓடுகிறது, விவரக்குறிப்போ ஒருமுறைகூட மீறப்படவில்லை. ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் எரிந்துபோகும். நிரல் எழுதுபவர் குறிப்பைப் பிசகாமல் பின்பற்றியிருப்பார், தவறு குறிப்பில்தான். இப்படிப்பட்ட தவறை எந்தச் சோதிப்பானும் தானாகச் சொல்லாது. ஓடும் வடிவத்தை விஷயம் தெரிந்த மனிதருக்குக் காட்டினால் மட்டுமே வெளியே வரும். ‘ஓட்டிப் பார்க்கக்கூடிய’ என்ற சொல்லுக்கு உள்ள முழு மதிப்பும் இங்கேதான் என்பது எங்கள் கருத்து.

திருத்துவது எப்படி? முதலில் தோன்றுவது, வறண்டிருக்கும்போது மட்டும் ஓடி, தண்ணீர் வந்தால் அப்படியே நின்று, மறுபடி வறண்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும் ஒரு கடிகாரம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நேரத் தானியங்கியில் கடிகாரத்தைச் சுழியாக்கலாமே தவிர நிறுத்தி வைக்க முடியாது. அது கஞ்சத்தனம் அல்ல. வெறும் கடிகாரங்கள் இருக்கும் வரை ‘இந்த நிலை எட்டக்கூடியதா’ என்ற கேள்விக்குக் கணினி நிச்சயமாகப் பதில் சொல்ல முடியும். நிறுத்தி ஓட்டும் கடிகாரத்தை அனுமதித்தால், பொதுவாகப் பதில் சொல்லும் வழிமுறையே இருக்க முடியாது என்பதை 1990-களின் நடுவில் ஹென்சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் நிறுவிவிட்டார்கள்.

நடைமுறை வழி, எண்ணிக்கைக்கு மாறுவது. விநாடிக்கு ஒருமுறை கரண்டைப் பார். குறைவாக இருந்தால் எண்ணில் ஒன்று கூட்டு, சரியாக இருந்தால் ஒன்று கழி, சுழிக்குக் கீழே போகாதே. 10-ஐத் தொட்டால் நிறுத்து. தொடர்ந்து வறண்டால் பழையபடி 10 விநாடி. 8-க்கு 1 என்று இழுத்தால் எண் 8 ஆகி, 7-க்கு இறங்கி, 12-ஆவது விநாடியில் 10 ஆகிவிடும். எண்ணுக்கு 0 முதல் 10 வரை 11 மதிப்புகள்தான் என்பதால் சோதிப்பானுக்கும் சுமை இல்லை. 5 விநாடி வறட்சி, 5 விநாடி தண்ணீர் என்று சரிபாதியாக வந்தால் இதுவும் பிடிக்காது. அது பரவாயில்லையா, இல்லை கழிப்பதை மட்டும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஆக்கலாமா என்பது மெக்கானிக்கிடம் கேட்கவேண்டிய அடுத்த கேள்வி.

மூன்று தோப்பு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர்

தனித்தனியே எல்லாம் சரியாக இருந்து, சேர்த்து வைத்தால் கெடுவது நேர அமைப்புகளுக்கே உரிய குணம். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று தோப்புகள், மூன்றிலும் நம்முடைய அதே ஸ்டார்ட்டர். டிரான்ஸ்ஃபார்மரையும் ஒரு தானியங்கியாக எழுதுவோம்: ஒரே சமயத்தில் இரண்டு மோட்டார்கள் ஸ்டார் நிலையில் இருந்தால் வோல்டேஜ் விழுந்து எல்லாருடைய பேஸ் ரிலேயும் (வோல்டேஜ் கெட்டால் மோட்டாரை நிறுத்துவது) விடும், மோட்டார்கள் நின்றதும் வோல்டேஜ் திரும்பும்.

கரண்ட் வருகிறது. மூவரின் க-வும் சுழி. ஒவ்வொருவரும் 60-க்கும் 65-க்கும் இடையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டாரில் குறைந்தது 6 விநாடி இருக்க வேண்டும். இருவர் கிளம்பும் நேரத்துக்கு இடையே அதிகபட்ச வித்தியாசம் 5 விநாடி. 5 என்பது 6-ஐவிடக் குறைவு. ஆக, எப்படித் தேர்ந்தாலும் மோதல் தவிர்க்க முடியாது. ரிலே விடும், எல்லாம் நிற்கும், வோல்டேஜ் வரும், மூவரும் மறுபடி 60 எண்ணுவார்கள். ‘டெல்டா நிலை எட்டக்கூடியதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வரும். ஒருவர் மட்டும் இருந்தபோது எல்லாச் சோதனையும் தேறிய அதே ஸ்டார்ட்டர்!

ஆளுக்கு ஒரு சீரற்ற தாமதம் கொடுத்தால் எப்போதாவது விலகிப் போவார்கள். ஆனால் ‘கரண்ட் வந்து 3 நிமிடத்துக்குள் ஓடியே தீரும்’ என்று வாக்குக் கொடுக்க முடியாது. வரிசைப்படுத்தினால் கொடுக்கலாம்: முதலாமவர் 60–65, இரண்டாமவர் 75–80, மூன்றாமவர் 90–95. முதலாமவர் ஆகத் தாமதமாக 65-இல் கிளம்பி 8 விநாடி ஸ்டாரில் இருந்தாலும் 73-இல் விலகிவிடுவார். டைமர் டயலை யார் எந்த எண்ணில் வைப்பது என்று மூன்று பங்காளிகளையும் ஒத்துக்கொள்ள வைப்பதற்குத்தான் இன்னும் முறைசார் வழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பச்சை காட்டும் பொய்கள்

சோதிப்பான் ‘தேறியது’ என்று சொன்னதும் நம்பிவிடக் கூடாது. ஸ்டார் நிலையில் ‘த ≤ 8’ என்று தங்கல் நிபந்தனை. வெளியேறும் அம்பில் ‘த ≥ 6, வோல்டேஜ் சரி’. வோல்டேஜ் கெட்டிருக்கும்போது த 8-ஐத் தொட்டால்? தங்கவும் முடியாது, போகவும் வழியில்லை. மாதிரியில், அதாவது நாம் எழுதிய தானியங்கியில், நேரமே நின்றுவிடும். நிஜத்தில் நேரம் நிற்காது. மாதிரிதான் உலகத்திலிருந்து கழன்றுகொண்டது. அதைவிட மோசம், நேரம் நின்றுவிட்டதால் ‘ஒருபோதும் கெட்டது நடக்காது’ வகைக் கேள்விகள் எல்லாம் அந்தப் பாதையில் சும்மா தேறிவிடும். ஆகவே எந்த மாதிரியிலும் முதல் கேள்வி முட்டுக்கட்டை உண்டா என்பதாக இருக்க வேண்டும். இரண்டாவது, நல்லது நடக்கும் நிலைகள் எட்டக்கூடியவையா. ஓடாத மோட்டார் ஒருபோதும் வறண்டு ஓடாது.

இதற்கு நேரெதிர்க் கோளாறு ‘ஜீனோ’ எனப்படுவது: மாற்றங்கள் முடிவில்லாமல் நடக்கும், நேரம் நகராது. தொட்டியின் மிதவை அலையில் ஆடி, ‘நிறைந்தது–குறைந்தது’ என்று மாறிக்கொண்டே இருப்பதை இடைவெளி எதுவும் சொல்லாமல் எழுதினால், சுழி நேரத்தில் லட்சம் முறை மாறும் ஓட்டத்தையும் மாதிரி ஏற்றுக்கொள்ளும். கடிகாரம் நகராமலே உலகம் சுற்றிக்கொண்டிருக்கும். மிதவையின் இரு மாற்றங்களுக்கு இடையே குறைந்தது 3 விநாடி என்று ஒரு நிபந்தனை போட்டால் தீரும். பேனலிலும் அதே 3 விநாடியை வடிகட்டியாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஓட்டிப் பார்ப்பதிலேயே உள்ள ஆபத்து. இயன் ஹேய்ஸும் கிளிஃப் ஜோன்ஸும் 1989-இல் இதைத்தான் எச்சரித்தார்கள்: ஓட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் விவரக்குறிப்பு சொல்லும் திறனை இழந்து நிரலாகிவிடும். 1992-இல் நோர்பர்ட் ஃபுக்ஸ், அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளையே தர்க்க மொழியில் ஓடும் வடிவில் எழுதி, ஓடுவதே விரும்பத்தக்கது என்று வாதிட்டார். நேரம் கலந்த அமைப்புகளில் இரு தரப்பிலும் உண்மை உண்டு. ‘60 முதல் 65’ என்பது ஒரு வீச்சு. ஓட்டும் கருவி எப்போதும் 60-ஐயே எடுத்தால், திரையில் அழகாக ஓடும். மேலே சொன்ன கான்டாக்டர் ஷார்ட் ஒருபோதும் கண்ணில் படாது. ஒரே மாதிரியை எல்லாம் ஆக முந்திய நேரத்தில், எல்லாம் ஆகப் பிந்திய நேரத்தில், கலந்து, கடைசியாக முழுத் தேடலில் என்று நான்கு விதமாக ஓட்டாமல் ‘ஓட்டிப் பார்த்தோம்’ என்று சொல்லக் கூடாது.

இன்னொரு நடைமுறைக் குறிப்பு: 50 மில்லிவிநாடியையும் 30 நிமிடத்தையும் ஒரே மாதிரியில் போடாதீர்கள். அளவு வித்தியாசம் 36,000 மடங்கு. தேடல் பொடிப்பொடியாகச் சிதறும். கான்டாக்டர் மாதிரி ஒன்று மில்லிவிநாடியில், நாள் முழுக்க ஓடும் மாதிரி ஒன்று விநாடியில் என்று பிரித்துவிடுங்கள். நிபந்தனைகளில் ≤, ≥ மட்டும் பயன்படுத்தி <, > தவிர்த்தால், ஒரு நிலை எட்டக்கூடியதா என்ற கேள்விக்கு முழு எண் நேரங்களில் மட்டும் தேடினாலே சரியான விடை கிடைக்கும். விநாடி மாதிரிக்குத் தனிக் கருவிகூட வேண்டாம். பைத்தானில் ஒரு பக்கம் போதும்.

மாதிரியிலிருந்து சிப்புக்கு

மாதிரியில் முடிவெடுக்க நேரம் ஆகாது. சிப்பில் ஆகும். நிரலின் சுற்று 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை என்றால், 50 என்று எழுதிய இடைவெளி நிஜத்தில் 50-க்கும் 70-க்கும் இடையில் எங்கும் விழும். 100 எல்லைக்குள் இருப்பதால் பரவாயில்லை. 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை விழும் டைமர் துடிப்பை, அதாவது டிக்கை, எண்ணினால் வேறு பிசகு: ஐந்து டிக் என்பது 40-க்குச் சற்று மேலிருந்து 50 வரை. முதல் டிக் எப்போது விழும் என்று தெரியாது. ஆறு டிக் எண்ண வேண்டும். எல்லா மேல் எல்லைகளிலும் ஒரு சுற்று நேரத்தைக் கூட்டி, கீழ் எல்லைகளில் ஒரு டிக்கைக் கழித்து, மாதிரியை மறுபடி ஒருமுறை சோதித்துவிட்டால் இந்தக் கவலை முடிந்தது.

மொபைல் ஸ்டார்ட்டர்களில் இதைவிடப் பெரிய வினை எஸ்.எம்.எஸ். அனுப்பும் பகுதி. ஜி.எஸ்.எம். மாட்யூல் பதில் சொல்லும் வரை நிரல் காத்து நின்றால், டவர் சரியில்லாத இடத்தில் சுற்று 20 மில்லிவிநாடி அல்ல, பல விநாடி. 8 விநாடிக்குள் முடியவேண்டிய ஸ்டார் இழுத்துக்கொண்டே போகும், மோட்டார் சூடாகும். செய்தி அனுப்புவதைத் தனிப் பணியாக்கி முன்னுரிமையைக் குறைத்தாலும், இரு பணிகளும் ஒரே பூட்டைப் (ஒரு சமயத்தில் ஒரு பணி மட்டும் தொட விடும் ஏற்பாடு) பகிர்ந்தால் சிக்கல் மறுபடி வரும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இதனால்தான்: கீழ்ப்பணி பூட்டை வைத்திருக்க, நடுப்பணி அதைத் தள்ளிவிட்டு ஓட, மேல்பணி கெடுவைத் தவறவிட்டது. பூட்டை வைத்திருக்கும் பணி, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறும் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள்.

கடைசியாக, கடிகாரத்தையே எப்படிச் சேமிக்கிறோம் என்பது. மில்லிவிநாடியை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் நிறைந்து சுழிக்குத் திரும்பும். ‘இப்போது > தொடக்கம் + 60000’ என்று எழுதிய ஒப்பீடு அந்தச் சமயத்தில் பொய்க்கும். ‘இப்போது − தொடக்கம் ≥ 60000’ என்று குறியற்ற எண்ணில் எழுதினால் பொய்க்காது. மாதிரியில் இரண்டும் ஒன்று, சிப்பில் வேறு வேறு. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், எதிரி ஏவுகணைகளைத் தடுக்கும் அமெரிக்க பேட்ரியாட் அமைப்பு தவறியதும் இப்படிப்பட்ட பிசகுதான். பத்தில் ஒரு விநாடியை 24 பிட்டில் துல்லியமாக எழுத முடியாது; 100 மணி நேரம் ஓடியதில் பிழை 0.34 விநாடியாகச் சேர்ந்து, வரும் ஏவுகணையை அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தேடியது. 28 வீரர்கள் இறந்தார்கள்.

பேனலை ஒப்படைக்கும்போது கதவின் உள்பக்கம் ஒட்டும் வயரிங் படத்தோடு இந்த எண்களையும் ஒட்டி வைப்பது நல்லது: 60–65, 6–8, 50–100, கூடவே 50 + 12 > 45. மூன்று வருடம் கழித்து ஸ்டார் கான்டாக்டர் தேய்ந்து, கடையில் கிடைத்த வேறொன்றை எலக்ட்ரீஷியன் மாட்டுவார். அது விட 65 மில்லிவிநாடி எடுக்கும் வகையாக இருந்தால் 62 போதாது. இன்டர்லாக் வயரையும் யாராவது கழற்றி வைத்திருந்தால் அன்றைக்கே ஃபியூஸ் போகும்.